ஏரி மீனின் வயிற்றுக்குள் நாடாப்புழு எப்படிப் போகிறது?

கேள்வி இது: "ஏரியில் பிடித்த சின்ன மீனைக் கழுவும்போது வயிற்றைக் கீறினால், குடலுக்கு வெளியே வெள்ளையாக, தட்டையாக, நாடா மாதிரி ஒரு புழு. மீனில் பாதி நீளம் இருக்கும். இது எப்படி உள்ளே போகிறது? ஒரு மீனிலிருந்து இன்னொரு மீனுக்கு ஒட்டுமா? இவ்வளவு பெரிய புழுவை வைத்துக்கொண்டு மீன் எப்படி உயிரோடு இருக்கிறது? அந்த மீனைச் சாப்பிடலாமா?"

சாப்பாட்டை முதலில் முடித்துவிடுவோம், மற்றதை நிதானமாகப் பேசலாம். குடலை எடுத்துச் சுத்தமாகக் கழுவி, குழம்பிலோ எண்ணெயிலோ நன்றாக வேகவைத்த மீனால் நாடாப்புழுத் தொல்லை வராது. சதையின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும். கொதிக்கிற குழம்பு அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிடும். பச்சையாகவோ அரைகுறையாக வேகவைத்தோ தின்கிறவர்களுக்குத்தான் ஆபத்து. பால்டிக் கடல் பக்கத்து நாடுகளிலும் ரஷ்யாவிலும் மனிதரின் குடலுக்குள் மீட்டர் கணக்கில் வளர்கிற அகன்ற நாடாப்புழு அப்படித்தான் உள்ளே போகிறது.

சரி, புழுவுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் "குடலுக்கு வெளியே" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. குடலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் நாடாப்புழு என்றால் பெரும்பாலும் அது முதிர்ந்த புழு. அந்த மீன்தான் அதற்குக் கடைசி வீடு. குடலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே, உடற்குழியில் மடிந்து கிடக்கிறது என்றால் அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இன்னும் லார்வாதான். இனப்பெருக்கம் செய்யாது, முட்டை போடாது. வேறு ஒரு உயிரின் வயிற்றுக்குப் போகக் காத்திருக்கிறது.

இப்படி உடற்குழியில் காத்திருக்கும் நாடாப்புழுக்களில் இரண்டு பேர் பிரபலம். கெண்டை வகை மீன்களில் இருக்கும் லிகுலா ஒன்று. ஸ்டிக்கில்பேக் என்ற வடக்குக் குளிர்நாடுகளின் சின்ன மீனில் இருக்கும் ஷிஸ்டோசெஃபாலஸ் சாலிடஸ் இன்னொன்று. நான் இரண்டாவதை வைத்தே சொல்கிறேன். காரணம், அதன் வாழ்க்கை முழுவதையும் முட்டையிலிருந்து முட்டை வரை ஆய்வகத்திலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. லிகுலாவின் பாதையும் கிட்டத்தட்ட இதேதான்.

ஸ்டிக்கில்பேக்கை நம் ஊரில் பார்க்க முடியாது. ஐரோப்பா, வட அமெரிக்கா, வடகிழக்கு ஆசியா ஆகியவற்றின் குளிர்ந்த ஏரிகளிலும் ஓடைகளிலும் கடலோரங்களிலும் இருக்கும் மீன். விரல் நீளம்தான். முதுகில் மூன்று முட்கள் நட்டுக்கொண்டு நிற்கும். புழு பிடித்த மீனை மேலிருந்து பார்த்தாலே தெரியும்: தலை, வால் எல்லாம் ஒல்லி, நடுவில் மட்டும் இரண்டு பக்கமும் பிதுங்கிய வயிறு. கத்தரியால் கீறினால் பாலாடை நிறத்தில் தட்டையான புழு மடிப்பு மடிப்பாக வெளியே வரும். குறுக்கே நெருக்கமாகக் கண்டங்கள் தெரியும். உப்புக் கரைசலில் போட்டால் சுருங்கி நீண்டு அசையும். புழுவை எடுத்த பிறகு மீனைப் பார்த்தால் அதன் சொந்த உறுப்புகளெல்லாம் ஓர் ஓரமாகத் தள்ளப்பட்டுக் கிடக்கும். புழுவின் எடை மீனின் எடையில் பாதி இருப்பதெல்லாம் சாதாரணம். மீனின் எடையையே தொடுவதும் உண்டு. ஒரே மீனில் பல புழுக்களும் இருக்கலாம். அப்போது ஒவ்வொன்றும் சிறுத்துத்தான் இருக்கும், இடமும் சாப்பாடும் பங்கு பிரிகிறதல்லவா.

இனி ஆரம்பத்திலிருந்து. முட்டைகள் தண்ணீருக்கு வருவது பறவையின் எச்சத்தோடு. பறவை எப்படி உள்ளே வந்தது என்பது கடைசியில் வரும். முட்டை அடியில் தங்கிவிடுகிறது. தண்ணீர் 20 டிகிரி அளவில் இருந்தால் சுமார் மூன்று வாரத்தில் உள்ளே லார்வா தயாராகிவிடும். ஆனால் உடனே பொரியாது, வெளிச்சம் பட வேண்டும். ஆய்வகங்களில் இதை வசதியாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்: முட்டைகளை மூன்று வாரம் இருட்டில் வைத்துவிட்டு வெளிச்சத்தில் எடுத்து வைத்தால் வேண்டிய நேரத்தில் பொரிந்துவிடும். வெளியே வருவது கண்ணுக்குத் தெரியாத ஓர் உருண்டை. மேலெல்லாம் நுண்மயிர், உள்ளே ஆறு கொக்கிகள். வாய் கிடையாது. நுண்மயிர்களை அடித்து நீந்திக்கொண்டே இருக்கும். கையிருப்புத் தீர்ந்தால் ஆயுளும் தீர்ந்தது, அவ்வளவுதான். அதற்குள் அதை யாராவது தின்றாக வேண்டும்.

தின்கிறவர் சைக்ளாப்ஸ். நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு வெட்டி வெட்டி நீந்தும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கிற, இறால் வகையறாவைச் சேர்ந்த ஓட்டுடலி. குளத்துத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் புள்ளி புள்ளியாகத் துள்ளுவதில் இதுவும் இருக்கும். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தப் பிராணியோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. நரம்புச் சிலந்தி நோய் என்று ஒன்று இருந்ததே, காலில் கொப்புளம் வந்து அதிலிருந்து நீளமாகப் புழு வெளியே வரும், அந்தப் புழுவின் குஞ்சுகளைச் சுமந்ததும் சைக்ளாப்ஸ் இனங்கள்தான். படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு வடிகட்டாமல் குடித்தவர்களுக்கு வந்தது. இந்தியாவில் அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று 2000-இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அது உருண்டைப்புழு, இது நாடாப்புழு. இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை. ஆனாலும் இரண்டும் இந்த ஒற்றைக் கண் வண்டியில்தான் ஏறியிருக்கின்றன.

சைக்ளாப்ஸின் குடலுக்குள் போன லார்வா நுண்மயிர்ப் போர்வையைக் கழற்றிவிட்டு, கொக்கிகளால் குடல் சுவரைக் கிழித்து உடற்குழிக்குள் நுழைகிறது. ஏறத்தாழ இரண்டு வாரம் அங்கே வளரும். தயாராகிவிட்டதற்கு அடையாளம், பின்பக்கம் ஒரு சின்னக் குமிழ் வால். சைக்ளாப்ஸ் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடம்பு கொண்டது என்பதால், உயிரோடு இருக்கும்போதே நுண்ணோக்கியில் வைத்து உள்ளே எத்தனை லார்வா, யாருக்கு வால் முளைத்துவிட்டது என்று எண்ணிவிடலாம்.

இந்த இரண்டு வாரத்தில் ஒரு விஷயம் நடக்கிறது. என்னைக் கேட்டால் இந்தப் புழுவின் கதையில் மீனை விட இதுதான் சுவாரசியம். லார்வா தயாராகாத நாட்களில், புழு பிடித்த சைக்ளாப்ஸ் வழக்கத்தை விட அடங்கி இருக்கிறது, அசைவு குறைவு. அசையாத இரையை மீன் எளிதில் கவனிக்காது. லார்வா தயாரானதும் அதே சைக்ளாப்ஸ் துறுதுறுவென்று ஆகிவிடுகிறது. சீக்கிரமே மீனின் வாய்க்குள் போய்விடுகிறது. தயாராகும் முன்பே மீன் தின்றுவிட்டால் லார்வாவும் செரித்துப்போகும் என்பதால், முதலில் ஒளிப்பதும் அப்புறம் காட்டிக்கொடுப்பதும் இரண்டுமே புழுவுக்கு லாபம். வட ஜெர்மனியில் ப்ளோன் நகரத்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மான்ஃபிரெட் மிலின்ஸ்கியும் அவரோடு இருந்தவர்களும் இதைப் பல வருடம் அளந்திருக்கிறார்கள். ஒரே சைக்ளாப்ஸில் வயது வித்தியாசத்தோடு இரண்டு லார்வாக்களை ஏற்றியும் பார்த்தார்கள். ஒன்றுக்கு இன்னும் ஒளிந்திருக்க வேண்டும், மற்றதற்கு உடனே தின்னப்பட வேண்டும். யார் சொல்வதை சைக்ளாப்ஸ் கேட்கும்? தயாராகிவிட்ட மூத்ததன் சொல்தான் எடுபட்டது. இளையதன் அடக்குமுறை வேலையே செய்யவில்லை.

அடுத்து மீன். சைக்ளாப்ஸை விழுங்கிய ஸ்டிக்கில்பேக்கின் குடலில் லார்வா தன் வெளித்தோலையும் குமிழ் வாலையும் களைந்துவிட்டு, ஒரு நாளுக்குள் குடல் சுவரைத் துளைத்து மீனின் உடற்குழிக்கு வந்துவிடுகிறது. உங்கள் முதல் கேள்விக்கு விடை இதுதான்: மீன் சாப்பிட்ட சாப்பாட்டோடு, மணலளவில் நுழைகிறது. பெரிதாவதெல்லாம் உள்ளே வந்த பிறகு.

பெரிதாவது என்றால் சும்மா இல்லை. மீனுக்குள்ளே நடக்கிற ஒரே வேலை வளர்ச்சிதான். நாடாப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. தோல் முழுக்க நுண்ணிய நீட்சிகள். மீன் செரித்து உடம்பில் விட்ட சத்தை அந்தத் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதில் பெரும்பங்கைக் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தாகச் சேமித்து வைக்கிறது. இனப்பெருக்க உறுப்புகளுக்கான அடித்தளம்கூட மீனுக்குள் இருக்கும்போதே கண்டம் கண்டமாகப் போடப்பட்டுவிடும். ஆனால் வேலை தொடங்காது. மொத்தத்தில் சம்பாதிப்பது மீனில், கல்யாணம் பறவையில். இந்தப் புழு மீனுக்குள் செய்கிற எதையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். மீனைச் சீக்கிரம் கொன்றுவிட்டால் சேமிப்பு போதாது. மீன் கிழடாகிச் செத்தாலும் நஷ்டம்தான், பறவையின் வாய்க்குப் போய்ச் சேராது.

எவ்வளவு சேமிப்பு போதும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது: ஏறக்குறைய 50 மில்லிகிராம். அதற்குக் குறைவான புழு பறவைக்குள் போனாலும் முட்டை போடுகிற நிலையைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. அந்த எடையைத் தொடுவதற்கு ஆகும் காலம் தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்தது. 20 டிகிரித் தண்ணீரில் வளர்கிற வேகம் 15 டிகிரித் தண்ணீரில் கிடைப்பதை விடப் பல மடங்கு அதிகம். அதோடு, பெரிய புழு உள்ள மீன்கள் தாங்களாகவே வெதுவெதுப்பான இடத்தைத் தேடிப் போவதையும் கவனித்திருக்கிறார்கள். ஏரிகள் சூடாகிக்கொண்டே வந்தால் இதில் யாருக்கு ஆதாயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மீன் எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேட்டீர்கள். இருக்கிறது, ஆனால் நல்லபடியாக இல்லை. எப்போதும் பசி. ஆக்ஸிஜன் தேவை கூடிப்போகிறது, அதனால் நீரின் மேல்மட்டத்துக்கு அடிக்கடி வருகிறது. புடைத்த வயிற்றோடு வேகமாகத் திரும்பவும் முடியாது. ஐரோப்பிய ஏரிகள் பலவற்றில் புழு பிடித்த பெண் மீன்கள் முட்டை வைப்பதே அரிது. அலாஸ்காவின் சில ஏரிகளிலோ வயிறு நிறையப் புழுவோடும் பெண் மீன்கள் முட்டை வைக்கின்றன. ஒரே புழு, ஒரே மீன், ஏரிக்கு ஏரி வேறு ஒப்பந்தம்.

நாரையின் அலகு போல ஒன்றைத் தண்ணீரில் குத்திப் பார்த்தால் நல்ல மீன் உடனே ஓடி ஒளிந்து, வெகுநேரம் வெளியே தலை காட்டாது. பெரிய புழு உள்ள மீன் அவ்வளவாக ஓடாது. ஓடினாலும் சீக்கிரம் இரை தேடத் திரும்பி வந்துவிடும். இதைப் புழு மீனின் மூளையைப் பிடித்து ஆட்டுவதாக எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு அந்த வேகம் பிடிப்பதில்லை. பசித்தவன் ஆபத்தைப் பார்க்காமல் சாப்பாட்டுக்கு ஓடுவான் என்ற சாதாரண விளக்கமும் கணிசமான பகுதிக்குப் பொருந்துகிறது. மிலின்ஸ்கியே 1985-இல், புழு பிடித்த மீன்கள் எதிரி மீனுக்குப் பக்கத்திலேயே துணிந்து இரை தின்பதைக் காட்டியபோது பசியைத்தான் பேசினார். எதிரி மீன் தின்றால் புழுவுக்குப் பிரயோஜனமே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஆனால் இன்னொரு பக்கம், இந்த அஞ்சாமை பெரும்பாலும் புழு 50 மில்லிகிராம் கிட்டே வந்த பிறகுதான் தெளிவாகத் தெரிகிறது. பசி மட்டும்தான் காரணமென்றால் அது கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா கூட வேண்டும்? அதனால் புழுவின் கை முழுக்க இல்லை என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

பறவை. நாரை, மீன்கொத்தி, நீர்க்காகம், கடற்காகம், மீன் தின்னும் வாத்து, யாராக இருந்தாலும் சரி. மீன் விஷயத்தில் இந்தப் புழு ரொம்பக் கறார். ஸ்டிக்கில்பேக்கில் வளர்ந்த புழுவை வேறு இன மீனின் உடற்குழிக்கு மாற்றி வைத்துப் பார்த்தபோது அங்கே பிழைக்கவில்லை. பறவை விஷயத்தில் அந்தக் கறாரே கிடையாது. வெப்பமான உடம்பு, ஒரு குடல், அதுதான் தேவை. ஆய்வகத்தில் பாலூட்டிகளின் குடலில்கூட முதிர்ந்திருக்கிறது. குளிர்ந்த நீரிலிருந்து 40 டிகிரி உடம்புக்குள் வந்து விழுந்ததும் அந்தச் சூடே புழுவுக்குச் சாவி. இரண்டு நாளுக்குள் முதிர்ந்து முட்டை போடத் தொடங்கிவிடும். வளர்ச்சி எல்லாம் முடிந்துவிட்டதால் மாதக்கணக்கில் சேர்த்த கிளைக்கோஜனை எரித்து முட்டையாக மாற்றுவது ஒன்றுதான் பாக்கி. சில நாட்கள், அதிகம் போனால் இரண்டொரு வாரம். அதோடு முடிந்தது. மனிதனின் நாடாப்புழு வருடக்கணக்கில் குடலில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தால் இது வேறு விதமான பிழைப்பு.

இதை முதலில் நிரூபித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. டென்மார்க் கால்நடை மருத்துவர் பீட்டர் கிறிஸ்டியன் அபில்கோர் 1790-இல், புழு உள்ள ஸ்டிக்கில்பேக் மீன்களை வாத்துகளுக்குத் தின்னக் கொடுத்து, பிறகு வாத்தின் குடலில் அந்தப் புழுக்களைக் கண்டார். குடல் புழுக்கள் உடம்பிலேயே தானாக உண்டாகின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. அப்புறம் 1946-இல் ஜே. டி. ஸ்மித் என்ற ஆய்வாளர் பறவையையே நீக்கிவிட்டார். மீனிலிருந்து எடுத்த புழுவைக் கிருமியில்லாத பெப்டோன் (பாதி செரித்த புரதம்) சாற்றில் 40 டிகிரியில் வைத்தார். அங்கேயே முதிர்ந்து முட்டை போட்டது. ஆனால் அந்த முட்டைகள் பொரியவில்லை. தளர்வாக மிதக்கும் புழுவால் தன்னைத்தானே சரியாகக் கருவுறச் செய்ய முடியவில்லை என்பது பின்னால் புரிந்தது. குடல் அழுத்துவது போல, மெல்லிய சவ்வுக் குழாய்க்குள் நெருக்கி வைத்ததும் முட்டைகள் பொரிந்தன. இன்றைக்கும் ஆய்வகங்களில் பறவைக்குப் பதிலாகச் சவ்வுக் குழாய்தான்.

தன்னைத்தானே கருவுறச் செய்வது என்றேன். ஒவ்வொரு புழுவும் ஆணும் பெண்ணும் சேர்ந்தது. தனியாக மாட்டிக்கொண்டால் தானே போதும். துணை கிடைத்தால் கலந்துகொள்ளும். கலப்பில் பிறந்த லார்வாக்கள் போட்டியில் முந்துகின்றன. ஒரே மீனில் இரண்டு மூன்று புழு இருப்பது சேமிப்பைக் குறைத்தாலும் துணையை உறுதி செய்கிறது.

மீன் இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறதா? சில ஏரிகளில் இல்லை. கடைசிப் பனியுகம் முடிந்தபின், சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன், கடலில் இருந்த ஸ்டிக்கில்பேக்குகள் நன்னீர் ஏரிகளுக்குள் வந்து தங்கின. உப்புநீரில் இந்தப் புழுவின் முட்டை பொரியாது. ஆகவே கடல் மீனுக்கு இதோடு பழக்கமில்லை. ஏரிக்கு வந்த பிறகுதான் ஒவ்வொரு ஏரியும் தனக்கென்று ஒரு வழி கண்டது. கனடாவின் வான்கூவர் தீவில் ரோசெல், கோஸ்லிங் என்று இரண்டு ஏரிகள். ரோசெல் ஏரி மீன் உடற்குழிக்குள் நார்த்திசுவை வளர்த்துப் புழுவை வளரவிடாமல் மடக்குகிறது. உறுப்புகளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு. கோஸ்லிங் ஏரி மீன் அப்படிச் செய்வதில்லை, பெரிய புழுவைச் சுமந்துகொண்டே வாழ்கிறது. உயிரியலாளர் டேனியல் போல்னிக்கின் குழுவினர் 2022-இல் சயன்ஸ் இதழில் இதன் மரபணுப் பின்னணியை வெளியிட்டார்கள். எதிர்க்கிற மீன் கெட்டிக்காரன், சுமக்கிற மீன் ஏமாளி என்று நினைக்க வேண்டாம். நார்த்திசு வளர்ந்த பெண் மீனுக்கு முட்டை வைப்பதே சிரமம். புழுவை ஒழிக்கக் கொடுக்கும் விலை அது. சில ஏரிகளில் அந்த விலை கட்டுப்படியாகவில்லை போலிருக்கிறது.

மீனிலிருந்து மீனுக்கு ஒட்டுமா என்ற கேள்விக்கு இப்போது நீங்களே விடை சொல்லிவிடுவீர்கள். ஒட்டாது. உடற்குழியில் இருக்கும் லார்வா முட்டை போடுவதில்லை. வெளியே வர வழியும் இல்லை. ஆகவே வீட்டுத் தொட்டியில் ஒரு மீனுக்கு இப்படி இருந்தால் மற்ற மீன்களைப் பிரித்து வைக்க வேண்டியதில்லை, தண்ணீரில் மருந்து ஊற்ற வேண்டியதும் இல்லை. பார்க்க வேண்டியது தீனியை. குளத்தில் வலைவீசி அள்ளிய சைக்ளாப்ஸ் கலந்த உயிர்த்தீனியைப் போடுகிறவர்கள், நீர்ப்பறவைகள் இறங்கும் குளத்திலிருந்து அள்ளாமல் இருந்தால் போதும். இல்லையென்றால் வீட்டிலேயே வளர்த்த ஆர்டிமியா என்ற சின்ன ஓட்டுடலியின் குஞ்சுகளைப் போடலாம். அவை உப்புநீரில் பொரிப்பவை, இந்தப் புழுவுக்கு அங்கே வேலையில்லை. மீன் பண்ணைக் குளம் என்றால் பறவை வராமல் மேலே வலை கட்டுவதுதான் பலன் தருகிற காரியம். புழு உள்ள மீனின் குடலைக் குளக்கரையில் வீசிவிட்டுப் போகாதீர்கள். கொக்கு வந்து தின்றால் நீங்களே கூட்டி அனுப்பியது போலாகிவிடும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.